நெட் பாதி நாள் இல்லாத நடுநிலைப்பள்ளி: 25,000 ரூபாயில் முதலில் எதை வாங்குவது?

கெடிலக்கரை (கேள்வி)

வணக்கம். கடலூர் முதுநகர் பக்கம் அரசு நடுநிலைப்பள்ளி. 6, 7, 8 வகுப்புகளுக்கு அறிவியலும் கணக்கும் என் பொறுப்பு. வகுப்புக்கு 30 முதல் 34 பிள்ளைகள்.

கையில் இருப்பவை: 2 ஜிபி ராம் உள்ள ஆண்ட்ராய்டு டேப்லெட் 8, லாம்ப் வகை புரொஜெக்டர் ஒன்று (3,200 லூமென்ஸ்), விண்டோஸ் போட்ட பழைய லேப்டாப் ஒன்று (4 ஜிபி ராம், பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கும்). நெட் காலையில் வரும். மதியச் சாப்பாட்டுக்கு மேல் நம்ப முடியாது. கரண்டும் அப்படித்தான்.

முன்னாள் மாணவர்கள் 25,000 ரூபாய் தருகிறார்கள். ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள்: சுவரில் 43 இஞ்ச் டிவி, இன்னும் இரண்டு மூன்று டேப்லெட், ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி வைத்து ஆஃப்லைன் சர்வர் (நெட் இல்லாமலே டேப்லெட்டுகளுக்குப் பாடம் கொடுக்கும் கணினி).

1. இதில் எது முதலில்?
2. நெட் இல்லாத நேரத்தில் டேப்லெட்டை எப்படிப் பயன்படுத்துவது? புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடு நெட் இல்லாமல் திறப்பதில்லை.
3. 34 பேருக்கு 8 டேப்லெட் என்றால் கூச்சல்தான் மிஞ்சுகிறது. வேறு வழி?
4. மற்ற ஆசிரியர்கள் கொடுத்த பழைய பிபிடி எல்லாம் என் லேப்டாப்பில் கிறுக்கலாகத் திறக்கிறது.

ஈயப்பற்று

சார், டிவி வேண்டாம். காரணம் கணக்குதான். தூரத்திலிருந்து படிக்கிற எழுத்து, தூரத்தில் இருநூறில் ஒரு பங்கு உயரமாவது இருக்கணும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. கடைசி பெஞ்சு 7 மீட்டர்னா எழுத்து மூன்றரை சென்டிமீட்டர். 43 இஞ்ச் டிவியின் உயரமே ஏறக்குறைய 53 சென்டிமீட்டர். வரிக்கு வரி இடைவெளி விட்டா ஆறேழு வரிக்கு மேல நிக்காது. புரொஜெக்டர்ல 2 மீட்டர் அகலம் கிடைக்கும், அதை வைச்சே ஓட்டலாம்.

ராஸ்பெர்ரி பையும் இப்போதைக்கு வேண்டாம். நல்ல சாமான்தான், ஆனா அதுக்குப் பேட்டரி கிடையாது. அது மெமரி கார்டில் எதையாவது பதிஞ்சுக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போனா கார்டில் உள்ள ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போகலாம். நாலு தடவை கரண்ட் போகிற ஊர்ல அதுக்குத் தனியா ஒரு யுபிஎஸ், நல்ல 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர், நல்ல கார்டுன்னு செலவு ஏறும். உங்க பழைய லேப்டாப்புக்குள்ளேயே ஒன்றரை மணி நேர யுபிஎஸ் இருக்கு. அதையே சர்வரா வைங்க.

கோலிப்ரின்னு ஒரு இலவச மென்பொருள். லேர்னிங் ஈக்வாலிட்டி அமைப்பு செஞ்சது, நெட் இல்லாத பள்ளிக்குன்னே எழுதினது. லேப்டாப்ல நிறுவினா அது 8080 என்கிற போர்ட்ல (முகவரிக்குப் பின்னாடி போடுற எண்) உட்கார்ந்துக்கும். டேப்லெட்ல எந்த ஆப்பும் போட வேண்டாம், பிரவுசர் போதும்.

வாங்க வேண்டியது ஒரு சாதா டூயல் பேண்ட் வைஃபை ரவுட்டர், 2,000 ரூபாய்க்குள்ள. அதுக்கு நெட் இணைப்பே தேவையில்லை, வகுப்புக்குள்ள தனி வலைப்பின்னல் போட மட்டும்தான். லேப்டாப்பை ரவுட்டரோட லேன் கேபிள்ல இணைங்க. லேப்டாப்பும் வைஃபையில் இருந்தா ஒவ்வொரு வீடியோவும் காத்துல ரெண்டு தடவை போகணும், லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒண்ணு, ரவுட்டரிலிருந்து டேப்லெட்டுக்கு ஒண்ணு. ரவுட்டர் செட்டிங்ல லேப்டாப்புக்கு ஒரே ஐபி முகவரியை ஒதுக்கி வைங்க, உதாரணமா 192.168.0.50. இல்லைன்னா இன்னைக்கு ஒரு எண், நாளைக்கு ஒரு எண்ணுன்னு மாறி, பிள்ளைங்க புக்மார்க் வேலை செய்யாது.

பாடங்களை நெட் நல்லா வர்ற இடத்துல வேறொரு கம்ப்யூட்டர்ல இறக்கி, பென் டிரைவ்ல ஏத்திக்கிட்டு வந்து பள்ளி லேப்டாப்ல இறக்குமதி பண்ணலாம், அந்த வசதி அதுலயே இருக்கு. ஆசைப்பட்டு முழுச் சேனலையும் (கோலிப்ரியில் ஒரு பாடத் தொகுப்புக்கு அதுதான் பெயர்) இழுக்காதீங்க. கான் அகாடமி ஆங்கிலச் சேனல் ஒண்ணே பல பத்து ஜிபி. இந்த மாசப் பாடம் எதுவோ அந்தத் தலைப்பை மட்டும் டிக் பண்ணுங்க. தமிழ்க் கதைகளுக்கு பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இருக்கு, பொதுப் பகிர்வு உரிமத்துல வர்றது, பிடிஎஃப் ஆகவும் எடுத்துக்கலாம்.

க்யூஆர் கோடு விஷயம்: அரசோட பாட ஆப்பான திக்‌ஷா ஆப்ல காலையில் நெட் இருக்கும்போது ஒரு டேப்லெட்ல பாடத்தை டவுன்லோட் பண்ணிடுங்க. அந்தப் பாடத்தையே ஃபைலாப் பகிர்ந்து, மெமரி கார்டு வழியா மற்ற ஏழு டேப்லெட்டுக்கும் ஏத்தலாம். எட்டுத் தடவை டவுன்லோட் வேண்டாம். கோடு மங்கிப் போயிருந்தா அதுக்குக் கீழ ஆறு எழுத்துக் குறியீடு அச்சாகியிருக்கும், அதைத் தேடல் பெட்டியில் தட்டினாலும் அதே பாடம்தான் வரும்.

மீதிப் பணத்துல ஒரு 600 விஏ யுபிஎஸ் புரொஜெக்டருக்கு. படம் ஓட்ட இல்லை, அணைக்க. லாம்ப் புரொஜெக்டர்ல கரண்ட் போனா ஃபேனும் சேர்ந்து நின்னுடும், சூடான லாம்ப் அப்படியே வெந்துக்கிட்டு இருக்கும். லாம்ப் சீக்கிரம் போறதுக்கு இது ஒரு பெரிய காரணம். யுபிஎஸ் ரெண்டு மூணு நிமிஷம் தாங்கினாப் போதும், முறையா ஆஃப் பண்ணி ஃபேன் தானா நிக்கிற வரைக்கும் விடலாம். அது பீப் அடிச்சதும் பாடத்தை முடிக்கப் பாக்காதீங்க, ரிமோட்டை எடுங்க.

வில்லியனூர்_டீச்சர்

ஈயப்பற்று சொன்ன ஏற்பாடு சரி. ஆனால் மூன்றாவது கேள்விக்குப் பதில் கருவியில் இல்லை, பாட வேளையை வெட்டும் விதத்தில் இருக்கிறது.

எட்டு டேப்லெட்டை நாலு நாலு பேராகக் கொடுத்தால் 32 பேர் ஆயிற்று. நாலு பேருக்கும் நாலு வேலை: ஒருவர் கை (அவர் மட்டுமே திரையைத் தொடலாம்), ஒருவர் எழுத்து (நோட்டில் படம் வரைந்து குறிப்பவர்), ஒருவர் வாய் (கேள்வியைப் படித்துக் கேட்பவர்), ஒருவர் மறுப்பு. மறுப்பவரின் வேலை “ஏன் அப்படி?” என்று மட்டும் கேட்பது. ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை வலப்பக்கம் மாற்றுங்கள். மிஞ்சுகிற இருவரை ஏதாவது இரண்டு குழுவில் ஐந்தாம் ஆளாகச் சேர்த்து, அங்கே மட்டும் எழுத்துக்கு இரண்டு பேர். கை மாறாத குழுவில் நன்றாகப் படிக்கிற பிள்ளையே டேப்லெட்டை மடியில் வைத்துக்கொள்ளும், மற்ற மூவரும் ஜன்னல் பார்ப்பார்கள்.

7-ஆம் வகுப்பு மின்னோட்டவியலை எடுத்துக்கொள்வோம். பெட் சிமுலேஷன்கள் (திரையிலேயே செய்து பார்க்கும் மாதிரிச் சோதனைகள், கொலராடோ பல்கலைக்கழகத்துடையவை) ஒவ்வொன்றையும் ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பாக இறக்கலாம், நெட் இல்லாமல் ஓடும். தமிழில் மொழிபெயர்த்தவை தனிப் பட்டியலாகக் கிடைக்கும். மின்சுற்றுக் கருவிப்பெட்டி மாதிரிப் படம் பேசுகிற இடத்தில் மொழி ஒரு தடையே இல்லை.

வரிசை முக்கியம். முதல் பத்து நிமிடம் டேப்லெட் வெளியே வரக்கூடாது. 1.5 வோல்ட் செல், டார்ச் பல்பு, ஒரே ஒரு ஒயர் கொடுத்து எரிய வைக்கச் சொல்லுங்கள். பல்பின் அடிப்புள்ளி, பக்கவாட்டு உலோகம் இரண்டையும் தொட வேண்டும் என்பது கையால் பட்டால்தான் மண்டையில் ஏறும். சிமுலேஷனில் பல்பின் முனை தானாக ஒட்டிக்கொள்ளும், அந்தச் சிரமமே அங்கே இல்லை. அதற்குப் பிறகு நோட்டில் கணிப்பு: “இரண்டு பல்பைத் தொடராக இணைத்தால் முதல் பல்பு அதிகமாக எரியுமா, இரண்டும் ஒன்றுபோலவா?” எழுதி முடித்த பிறகே டேப்லெட்.

ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் இரு முனையையும் ஒயரால் நேராக இணைத்தால் அந்தச் சிமுலேஷனில் தீ எரியும். ஒரு குழு கண்டுபிடித்தால் அரை நிமிடத்தில் எட்டுக் குழுவிலும் தீ. தடுக்கவே வேண்டாம், முதல் மூன்று நிமிடத்தை அதற்கே ஒதுக்கி எரித்துத் தீர்க்கட்டும். பிறகு “ஏன் எரிந்தது?” என்று கேட்டால் குறுக்குச் சுற்று பாடம் அங்கேயே ஆரம்பித்துவிடும்.

அது விதைக்கிற தவறான எண்ணமும் ஒன்று உண்டு. நீல உருண்டைகள் ஓடுவதைப் பார்த்து எலக்ட்ரான் சுவிட்சிலிருந்து விரைந்தோடி பல்புக்குப் போய்ச் சேருகிறது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் பாய்ந்தால் எலக்ட்ரான் நகர்வது நொடிக்கு 0.1 மில்லிமீட்டர்கூட இல்லை. கம்பி முழுவதும் எலக்ட்ரான் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, எல்லாம் ஒரே நேரத்தில் அசைகின்றன. தண்ணீர் நிரம்பிய டியூப்பில் குழாயைத் திறந்ததும் மறுமுனையில் தண்ணீர் வருவதைக் காட்டினால் போதும்.

எங்கள் பக்கம், புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிய பிறகு, ஆங்கிலப் புத்தகமும் தமிழ்ப் பேச்சுமாக வகுப்பு நடக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் வீடியோவின் ஒலியை நிறுத்திவிட்டு ஆசிரியர் தமிழில் பேசுவதே மேல். எட்டு நிமிட வீடியோவில் எங்கே நிறுத்துவது என்று மூன்று இடங்களை முன்கூட்டியே நொடிக்கணக்கோடு குறித்து வையுங்கள். நிறுத்தாமல் ஓடுகிற வீடியோ, வகுப்பைத் தூங்க வைக்கிற தாலாட்டு.

ஒத்தைச்சிலேட்டு

எல்லாரும் டேப்லெட்டையே சுற்றி வருகிறீர்கள். 34 பேரில் யாருக்குப் புரிந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு டேப்லெட்டும் வேண்டாம், காகிதம் போதும். ப்ளிக்கர்ஸ் அட்டையைச் சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் போட்ட ஒரு கறுப்பு வெள்ளைக் கட்ட அட்டை. நான்கு பக்கமும் நான்கு விடை. எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்களோ அதுதான் பதில். ஆசிரியர் செல்போன் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாக விழும். நெட் அந்த ஒரு போனுக்கு மட்டும் வேண்டும், உங்கள் ஊரில் இதைக் காலைப் பாடவேளையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையைத் தடித்த தாளில் அச்சிடுங்கள். லேமினேஷன் செய்தால் பளபளப்பு வேண்டாம்: ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு வெள்ளைத் திட்டாகி, கேமரா அந்த அட்டையை அட்டை என்றே ஒத்துக்கொள்ளாது. மேட் கேட்டு வாங்குங்கள், அல்லது லேமினேஷனே வேண்டாம். அடுத்த தகராறு விரல். பிள்ளைகள் அட்டையை நடுவில் பிடிப்பார்கள், கறுப்புக் கட்டத்தில் விரல் பட்டால் வாசிக்காது. விளிம்பைப் பிடிக்கச் சொல்லி முதல் நாள் இரண்டு நிமிடம் பழக்குங்கள்.

ஆனால் கேள்வி மட்டமாக இருந்தால் அட்டையும் மட்டம்தான். தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தவறைக் காட்டிக்கொடுக்க வேண்டும். 1/3 + 1/4 என்று கேட்டு நான்கு விடை: 7/12, 2/7, 2/12, 1/12. 2/7 பிடித்தவர் மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டியவர். 2/12 பிடித்தவருக்குப் பொதுப் பகுதி தெரியும், தொகுதியை மாற்ற மறந்தவர். 1/12 பெருக்கியவர். மூவருக்கும் மூன்று வேறு மருந்து.

சரியான விடை முப்பதிலிருந்து எழுபது சதவீதத்துக்குள் விழுந்தால் விடையைச் சொல்லாதீர்கள். பக்கத்தில் வேறு விடை பிடித்தவரோடு இரண்டு நிமிடம் வாதாட விட்டு மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் பரப்பிய முறை இது. முப்பதுக்குக் கீழே என்றால் வாதாட விட்டுப் பயனில்லை, தவறைத்தான் பரிமாறிக்கொள்வார்கள். பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும்.

இன்னொன்று, புரொஜெக்டர் திரையைக் கரும்பலகையின் மேல் தொங்க விடாதீர்கள். பக்கச் சுவரில் 2 மீட்டருக்கு மேட் வெள்ளை டிஸ்டெம்பர் அடித்தால் போதும் (எனாமல் அடித்தால் நடுவில் பல்பு எரிவதுபோல் கண் கூசும்). புரொஜெக்டரின் த்ரோ விகிதம் (தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் 2 மீட்டர் அகலத்துக்கு 3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். படம் ஒரு பக்கம், சாக்பீஸ் ஒரு பக்கம். திரையில் வந்தது அடுத்த ஸ்லைடில் போய்விடும், பலகையில் எழுதியது மணி அடிக்கிறவரை இருக்கும்.

கெடிலக்கரை

அனைவருக்கும் நன்றி. (ஈயப்பற்று, சார் இல்லை, டீச்சர்.) கோலிப்ரி நிறுவியாயிற்று, லேப்டாப்பில் திறக்கிறது. டேப்லெட்டில் 192.168.0.50:8080 என்று அடித்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டு டேப்லெட் வைஃபையை விட்டு அடிக்கடி விலகிவிடுகிறது. பெட் கோப்பை கோலிப்ரிக்குள் ஏற்றினால் வெள்ளைப் பக்கம் வருகிறது.

ஈயப்பற்று

மன்னிக்கணும் டீச்சர். மூணுமே வழக்கமா வர்ற தொல்லைதான்.

சுற்றிக்கிட்டே இருக்குன்னா பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வால். புது ரவுட்டரை இணைச்சப்போ அந்த நெட்வொர்க்கைப் பொதுன்னு குறிச்சிருக்கும். செட்டிங்ல போய் அதைத் தனிப்பட்டதுன்னு மாத்துங்க, ஃபயர்வால்ல கோலிப்ரிக்கு அனுமதி கொடுங்க. அப்படியும் வரலைன்னா ரவுட்டர்ல கெஸ்ட் வைஃபையில் டேப்லெட்டைச் சேர்த்திருக்கீங்களான்னு பாருங்க, கெஸ்ட்ல இருக்கிற கருவிக்கு லேப்டாப்பைப் பார்க்க அனுமதி இருக்காது. பவர் செட்டிங்ல லேப்டாப் மூடியை மூடினாலும் தூங்கக்கூடாதுன்னு வைங்க. இல்லைன்னா யாராவது மூடியைச் சாத்தினதும் 34 பேர் “மிஸ், போயிடுச்சு”ன்னு கத்துவாங்க.

விலகுறது ஆண்ட்ராய்டோட குணம். இந்த வைஃபையில் இணையம் இல்லைன்னு ஒரு அறிவிப்பு வரும், அதைத் தொட்டு “இருந்தாலும் இணைந்தே இரு”ங்கிறதைத் தேர்ந்தெடுக்கணும். சிம் இருந்தா மொபைல் டேட்டாவை அணைச்சிடுங்க.

வெள்ளைப் பக்கம்: கோலிப்ரி ஸ்டுடியோ (நம்ம சொந்தப் பாடத்தை ஏத்துற தளம்) சிமுலேஷனை ஜிப் கோப்பாத்தான் கேட்கும். ஜிப்பைத் திறந்ததும் மேல்மட்டத்திலேயே இண்டெக்ஸ்ங்கிற பெயர்ல ஹெச்டிஎம்எல் இருக்கணும். நீங்க ஃபோல்டரை ஜிப் பண்ணியிருப்பீங்க, அப்போ அது ஒரு படி உள்ளே போயிடும். ஃபோல்டருக்குள்ள போய், கோப்பைப் பெயர் மாத்தி, கோப்பை மட்டும் தேர்ந்தெடுத்து ஜிப் பண்ணுங்க.

பிள்ளைங்களுக்குக் கணக்கு ஒண்ணொண்ணா உருவாக்காதீங்க, பெயர்ப் பட்டியலை சிஎஸ்வியா (எக்செல்லில் சேமிக்கிற எளிய அட்டவணைக் கோப்பு) கொடுத்தா மொத்தமா ஏத்திக்கும். மாணவர் கடவுச்சொல் இல்லாமல் நுழையலாம்னு ஒரு வசதி இருக்கு, அதை ஆன் பண்ணுங்க. 6-ஆம் வகுப்புல பாஸ்வேர்டு அடிக்கவே பாதி பீரியட் போயிடும்.

வில்லியனூர்_டீச்சர்

நான்காவது கேள்வி யாரும் தொடாமல் கிடக்கிறது. அந்தப் பிபிடிகள் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தவை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். அந்த எழுத்துருவைத் தேடி நிறுவுவது ஒருநாள் வைத்தியம். எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு, எல்லாக் கணினியும் படிக்கிற யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்க்க வேண்டும். ‘கௌ’ வர வேண்டிய இடத்தில் ‘கெள’ என்று ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக உடைந்து நிற்கும். பழைய தட்டச்சில் துணைக்காலுக்குப் பதில் ‘ர’ அடித்தவர்களும் உண்டு, அது மாற்றிக்குத் தெரியாது. புதிதாக அடிப்பவர்கள் தமிழ் 99 விசைப்பலகை பழகினால் இந்தத் தொல்லையே இல்லை. தமிழக அரசு 1999-இல் ஏற்றுக்கொண்டது அது.

ஸ்லைடில் 32 புள்ளி அளவுக்குக் குறையாமல், எட்டு வரிக்கு மேற்படாமல் வையுங்கள். ஆங்கிலத்துக்கு 24 போதும் என்பார்கள், தமிழுக்குப் போதாது. கடைசி பெஞ்சில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘மின்கலம்’ ‘மினகலம’ என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை நோட்டிலும் அப்படியே எழுதிவிடும். மெல்லிய கோடுள்ள அலங்கார எழுத்துரு வேண்டாம், நோட்டோ சான்ஸ் தமிழ் போதும்.

உப்புக்காத்து

ஒன்று விட்டுவிட்டீர்கள். முதுநகர் என்றால் துறைமுகம் பக்கம். யுஎஸ்பி முனை, லேன் முனை, சார்ஜர் பின் எல்லாவற்றிலும் பச்சைக் களிம்பு பிடிக்கும். சார்ஜ் ஏறவில்லை என்று தூக்கிப் போட்ட டேப்லெட்டில் பாதி இதுதான். அணைத்துவிட்டு, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டுத் துடைத்து, அரை மணி நேரம் காய விடுங்கள். சானிடைசர் ஊற்றாதீர்கள், அதில் தண்ணீரும் பசையும் உண்டு. டேப்லெட்டை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நீலச் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். (சமையல் வாணலி வேண்டாம்.) அரிசிக்குள் புதைப்பது சும்மா, மாவுத்தூள்தான் துளைக்குள் போகும்.

சார்ஜ் ஏற்றும்போது மட்டும் டப்பாவிலிருந்து வெளியே எடுத்து மேஜையில் பரப்புங்கள். எட்டும் சேர்ந்தால் சூடு கூடும், பூட்டிய இரும்பு பீரோவுக்குள் வைத்து ஏற்றவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் பீரோவின் கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள். 2024 ஃபெஞ்சல் மழைக்குப் பிறகு தென்பெண்ணைத் தண்ணீர் கடலூர்ப் பக்கம் எதுவரை வந்தது என்று உங்களுக்கே தெரியும். இடி மின்னல் நாளில் பவர் பிளக்கோடு, வெளியிலிருந்து வரும் நெட் கேபிளையும் பிடுங்குங்கள், அது வழியாகவும் மின்னல் உள்ளே வரும்.

கோடை விடுமுறைக்கு முன் எல்லா டேப்லெட்டையும் பாதி சார்ஜில், 50 சதவீதம் சுமாருக்கு, அணைத்து வையுங்கள். முழுசாக ஏற்றி வெயில் அறையில் வைத்தால் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். காலியாக வைத்தால் இரண்டு மாதத்தில் அடிமட்டத்துக்கும் கீழே இறங்கி, ஜூனில் எந்தச் சார்ஜர் போட்டாலும் எழுந்திருக்காது. மே நடுவில் யாராவது ஒருமுறை வந்து பார்த்தால் நல்லது. பின்மூடி லேசாக உப்பியிருந்தாலோ, மேஜையில் வைத்தால் பம்பரம்போல் சுற்றினாலோ அதைச் சார்ஜில் போடாதீர்கள், அழுத்தி மூடவும் பார்க்காதீர்கள். தனியாக எடுத்து, மர மேஜையில் இல்லாமல் சிமெண்ட் தரையில் வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.